உடல் பருமன் வசதி படைத்தோரின் நோயா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உடல் பருமனை வசதி படைத்தோரின் நோயாகவே இன்னும் பேசி வருகிறோம். ஆனால், வளரும் நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2004-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியான கட்டுரை, நாட்டின் வருமானம் உயர உயர இச்சுமை ஏழைகள் பக்கம், அதிலும் முதலில் பெண்கள் மீது, சாய்வதாகக் கூறுகிறது. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழகப் பெண்களில் அதிக எடையோ பருமனோ உள்ளவர்கள் 2015-16-இல் 30.9 சதவீதம், 2019-21-இல் 40.4 சதவீதம்.

கோத்தகிரிப் பக்கம் ராகியும் சாமையும் விளைந்த நிலங்களில் தேயிலை வந்து வெகுகாலமாகிவிட்டது. இங்கு விளையும் கேரட்டும் பீட்ரூட்டும் மூட்டை மூட்டையாக மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கிவிட, கூலிக்குச் செல்லும் பெண்ணுக்கு மிஞ்சுவது அரிசிச் சோறும், சர்க்கரை தூக்கலான தேநீரும், அதில் நனைத்துத் தின்னும் வர்க்கியும்தான். (வர்க்கியைக் குறை சொன்னால் ஊரார் சண்டைக்கு வருவார்கள், அதில் சேரும் வனஸ்பதியைத்தான் சொல்கிறேன்.) வயிறு நிறைகிறது, புரதம் சேர்வதில்லை. இவர்களிடம் பழமும் கீரையும் உண்ணச் சொல்லும் அறிவுரை, கூலியைக் கணக்கில் கொள்ளாத அறிவுரை.

ரேஷனில் 2 கிலோ அரிசிக்கு ஈடாக ராகி வழங்கும் திட்டம் 2023-இல் நீலகிரியிலும் தர்மபுரியிலும் தொடங்கப்பட்டது. அதைத் தட்டுப்பாடின்றித் தொடர்வதுடன், மலிவு விலைப் பாமாயிலைக் குறைத்தேனும் துவரம்பருப்பின் அளவை அரசு கூட்டித்தர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோத்தகிரி.