கல்லச்சில் யாரும் செதுக்குவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் கல்லச்சு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான், ஆனால் இரண்டு இடத்தில் ‘கல்லில் செதுக்கி’ என்று போட்டிருக்கிறீர்கள். கல்லச்சில், அதாவது லித்தோகிராபியில், செதுக்கல் வேலையே கிடையாது. கல்மேல் வரைகிறோம், அவ்வளவுதான். சில வருடங்களாக வரைந்து பழகியவன் என்பதால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

குழப்பத்துக்குக் காரணம் இருக்கிறது. இந்த முறையைக் கண்டுபிடித்த செனெஃபெல்டர் 1796-ல் தன் அம்மாவின் சலவைக் கணக்கைக் கல்லில் எழுதியபோது, எழுத்தைச் சுற்றியுள்ள கல்லை அமிலத்தால் அரித்து எழுத்தை மேடாக்கத்தான் பார்த்தார். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பதை வைத்தே அச்சடிக்கும் முறை அதற்கு அப்புறம் வந்தது.

வரைவதற்கு முன் கார்போரண்டம் என்ற உராய்வுத் தூளும் தண்ணீரும் போட்டு, ஒரு சுண்ணாம்புக்கல் மேல் இன்னொன்றை வைத்து, எட்டு போட்டபடி தேய்த்துச் சொரசொரப்பாக்க வேண்டும், தோள்பட்டை கழன்றுவிடும். மெழுகு, சோப்பு, கொழுப்பு, புகைக்கரி சேர்ந்த கிரேயான் அந்தச் சொரசொரப்பின் நுனிகளில் மட்டும் ஒட்டும். லேசாக ஓட்டினால் சாம்பல், அதே இடத்தில் பத்து தடவை போனால் நல்ல கறுப்பு. இடவலம் மாறித்தான் அச்சாகும், என் கையெழுத்தே முதலில் கண்ணாடியில் பார்த்த மாதிரி வந்தது, அது போகட்டும்.

பெரிய தொல்லை, கொழுப்பு எது பட்டாலும் கல் வாங்கிக்கொள்ளும், கிரேயானா விரலா என்று பார்க்காது. ஒருமுறை ஒரு படகு வரைந்தேன். அரபிக் கோந்தில் சில சொட்டு நைட்ரிக் அமிலம் கலந்து பூசி, பிறகு டர்பன்டைனால் துடைத்தபோது படமே காணாமல் போனது (எத்தனை தடவை பார்த்தாலும் அந்த நிமிடம் வயிற்றைக் கலக்கும்). கல்லை ஈரமாக்கி மை உருளையை ஓட்டினேன், ஈரமான இடம் மையைத் தள்ள, கொழுப்பு பட்ட இடம் மட்டும் பிடித்துக்கொள்ள, படகு மெல்ல மெல்லத் திரும்பி வந்தது, கூடவே வானத்தில் என் கட்டைவிரல் ரேகை, ஒரு சுழி விடாமல்! எப்போது ஊன்றினேன் என்றே தெரியாது. இப்போதெல்லாம் கல்லுக்குக் குறுக்கே பலகை போட்டு அதன்மேல்தான் கையை வைக்கிறேன்.

சந்தேகம் இருந்தால் உங்கள் அச்சகத்தில் ஆஃப்செட் தகடு ஒன்றைத் தடவிப் பாருங்கள், அதுவும் இதே எண்ணெய்-தண்ணீர்க் கணக்குதான், மேடு பள்ளம் கையில் தட்டாது. அச்சுக்குப் போகாத பழைய தகடாக இருக்கட்டும், விரல் ரேகையோடு பத்திரிகை வந்தால் நான் பொறுப்பல்ல.

இப்படிக்கு,
ஒரு வாசகன்