ஒட்டுத்துணிக் குவில்ட் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வராதவர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. கண்காட்சி நடந்தது. துண்டுத்துணிப் பரிமாற்றமும் நடந்தது; கொண்டு வந்தவர்களைவிட எடுத்துப் போனவர்கள் அதிகம் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

இனி, குவில்டுக்கு (துண்டுத்துணிகளை ஒட்டித் தைக்கும் போர்வைக்கு) முக்கோணத் துண்டுகள் வெட்டச் சங்கம் வாங்கிய முக்கோண ஸ்கேல் விவகாரம். சாதாரண நீள ஸ்கேல் இருக்கும்போது சங்கப் பணத்தில் இதெல்லாம் எதற்கு என்று ஒரு பேச்சு உலவுகிறது. என்னிடம் யாரும் நேரில் கேட்கவில்லை, சுற்றித்தான் வந்து சேர்ந்தது. கேட்காத கேள்விக்கும் பதில் சொல்வது செயலாளர் வேலை.

அரைச்சதுர முக்கோணத்துக்கு நாம் இதுவரை சதுரம் வெட்டி, மூலைக்கு மூலை இரண்டாக்கினோம். தைத்தபின் 3 அங்குலம் நிற்க வேண்டுமானால் 3 7/8 அங்குலச் சதுரம். சாய்ந்த பக்கத்திலும் கால் அங்குலம் தையலுக்கு விடுவதால் முனைகள் நீண்டுவிடுகின்றன, கணக்குப்படி 0.85 அங்குலம் கூட்ட வேண்டும், அதைத்தான் முக்காலே அரைக்கால் என்று வைத்திருக்கிறார்கள். அந்த நீண்ட முனையைத் தைத்த பிறகு எப்படியும் நறுக்கிப் போடுகிறோம். சங்கத்தின் முனை மழுங்கிய ஸ்கேல் அதை வெட்டும்போதே கழித்துவிடுகிறது. ஆகவே 3 1/2 அங்குலப் பட்டை போதும். இரண்டு நிறப் பட்டைகளை நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி அடுக்கி, ஸ்கேலைத் திருப்பித் திருப்பி வைத்து ரோட்டரி கட்டரை (உருளும் வட்ட பிளேடை) ஓட்டினால், வெட்டிய ஜோடி அப்படியே மெஷினுக்குப் போகும்.

ஃப்ளையிங் கீஸ், அதாவது ஒரு பெரிய முக்கோணத்தின் இரு பக்கமும் சிறிய முக்கோணம் சேர்த்த நீள்சதுரம், தைப்பவர்களுக்கு இன்னும் லாபம். முடிந்த அளவு 2-க்கு 4 அங்குலம் என்றால், நடுவில் வரும் பெரிய முக்கோணம் கால்சதுர ஸ்கேலில் (சதுரத்தை இரு மூலைவாக்கிலும் நாலாக்கினால் வரும் முக்கோணத்துக்கானது), பக்கத்துச் சிறிய இரண்டும் அரைச்சதுர ஸ்கேலில். எல்லாமே 2 1/2 அங்குலப் பட்டையிலிருந்து. பெரிய முக்கோணத்தின் நீளப் பக்கம் பட்டையின் ஓரத்தோடு, அதாவது நேர் நூலில் அமைவதால், அது இழுபடாது.

இதையெல்லாம் ஒரு சனிக்கிழமை வகுப்பு வைத்துச் சொன்னேன். ஏற்கெனவே தெரிந்தவர்கள் தவறாமல் வந்திருந்தார்கள்.

விளைவு, உறுப்பினர்கள் சேர்ந்து தைத்த கூட்டுக் குவில்டில் தெரிந்தது. சங்கத்து ஸ்கேலுக்கு, முடிந்த அளவோடு 1/2 அங்குலம் கூட்டிப் பட்டை வெட்டுங்கள் என்று சுற்றறிக்கை அனுப்பியிருந்தேன். சிலர் தங்கள் வீட்டில் இருந்த கூர்முனை ஸ்கேலை எடுத்தார்கள். அதற்கு 7/8 கூட்ட வேண்டும். பட்டையின் அளவை மட்டும் சுற்றறிக்கையிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு சதுரமும் 3/8 அங்குலம் குறைந்தது. நாலு சேர்ந்த வரிசையில் ஒன்றரை அங்குலம். பழி ஸ்கேல் மேல் விழுந்தது. வேறு சிலர் குவில்டின் ஓரத்துக்கு அரைச்சதுர முக்கோணமே போதும் என்று முடிவு செய்தார்கள். அதன் நீளப் பக்கம் கிராஸில், அதாவது நூலுக்குக் குறுக்கே சாய்வாக, வரும்; அது இழுபடும். அது வெளி ஓரத்தில் நின்றால் குவில்ட் அப்பளம் போல நெளியத்தான் செய்யும். கஞ்சி போட்டுவிட்டு வெட்டுங்கள், இஸ்திரிப் பெட்டியை இழுக்காமல் தூக்கித் தூக்கி வையுங்கள் என்றும் எழுதியிருந்தேன். சரி, படிக்க நேரமிருந்திருக்காது. பிரித்துத் தைத்தவர்களுக்கு நன்றி. அவர்கள் பெயரைச் சொன்னால் மற்றவர்கள் யார் என்று தெரிந்துவிடும் என்பதால் சொல்லவில்லை.

கணக்கு விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. வரவும் செலவும் ஏறத்தாழ சரிக்குச் சரி. கையிருப்பு என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்குக் கையிருப்பு இருக்கிறது. சந்தா முழுதாக வந்திருந்தால் கட்டரின் பிளேடுகளையும் மாற்றியிருக்கலாம். மொட்டை பிளேடால் துணி இழுபடுகிறது என்று புகார் சொன்னவர்களில் பாதிப் பேர் சந்தா பாக்கிப் பட்டியலிலும் இருக்கிறார்கள்.

தலைவர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள், இடம் தந்தவர்கள், தேநீர் தந்தவர்கள் அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் 60 டிகிரி முக்கோணங்களை எடுத்துக்கொள்ள எண்ணம். அப்புறம், செயலாளர் பொறுப்பை இன்னொருவர் ஏற்றால் மகிழ்ச்சியாகக் கொடுத்துவிடுவேன். சென்ற பொதுக்குழுவிலும் இதையே சொன்னேன், எல்லோரும் கைதட்டினீர்கள். நான்தான் தொடர வேண்டுமென்றால், சந்தாவை முதல் கூட்டத்திலேயே கட்டிவிடுங்கள். 60 டிகிரி ஸ்கேல் யாரோ ஒருவர் வீட்டில் இருக்கிறது. வகுப்புக்கு முன் அதைச் சங்க அலமாரியில் வைத்துவிட்டால் போதும், யார் எடுத்தது என்று கேட்க மாட்டேன்.

இப்படிக்கு,
செயலாளர்