ஒபானன் போட்ட வழக்கு

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. அமெரிக்கக் கல்லூரிகளில் விளையாடுகிற பிள்ளைகளுக்குக் கோடி கோடியாகக் கொடுக்கிறார்களாமே, படிப்பு என்னத்துக்கு ஆகும் என்று கேட்டிருந்தாய். எனக்கு அது அநியாயமாகப் படவில்லை. அந்தப் பணம் எப்போதோ அவர்கள் கைக்குப் போயிருக்க வேண்டும்.

எட் ஒபானன் 1995இல் கலிபோர்னியாவின் யுசிஎல்ஏ பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணிக்குத் தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்தவர். பிற்பாடு கார் விற்கும் வேலையில் இருந்தபோது, தெரிந்தவர் வீட்டுப் பையன் ஆடிய வீடியோ கேமில் தன்னையே பார்த்தார். பெயர்தான் இல்லை. அதே மொட்டைத் தலை, அதே 31ஆம் நம்பர், அதே இடது கை ஆட்டம். அவருக்குச் சல்லிக்காசு வரவில்லை. 2009இல் வழக்குப் போட்டார். 2014இல் நீதிபதி கிளாடியா வில்கன், கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏ, வீரர்களின் பெயருக்கும் உருவத்துக்கும் பணம் தரக் கூடாது என்று வைத்திருந்த விதி வியாபாரப் போட்டிச் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தார்.

டிவி ஒப்பந்தத்திலும் ஜெர்சி விற்பனையிலும் எல்லாரும் சம்பாதிப்பார்கள். ஆடுகிறவன் மட்டும் ஒரு விளம்பரத்தில் தலைகாட்டினால் ஆடும் தகுதியே போய்விடும். என்ன நியாயம் இது? 2019 ஜனவரியில் கல்லூரி மாணவி கேட்லின் ஒஹாஷியின் ஜிம்னாஸ்டிக்ஸ் வீடியோவை உலகமே பார்த்தது. அவரால் அதை வைத்து ஒன்றும் சம்பாதிக்க முடியவில்லை. ஜிம்னாஸ்டிக்ஸில் பலருக்குக் கல்லூரியோடு ஆட்டமே முடிந்துவிடும், பிறகு யார் தேடி வருவார்கள்?

அதே ஆண்டு, கல்லூரி வீரர்கள் விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்று கலிபோர்னியா சட்டம் போட்டது. மற்ற மாநிலங்களும் கிளம்பவே, 2021 ஜூலை 1 முதல் என்சிஏஏ வழிவிட்டது. 2025 ஜூனில் அதே வில்கன், ஹவுஸ் என்ற நீச்சல் வீரர் என்சிஏஏ மேல் போட்ட வழக்கின் சமரசத்தை ஏற்றார்: பழைய வீரர்களுக்குப் பாக்கியாக சுமார் 280 கோடி டாலர், இனி ஒவ்வொரு கல்லூரியும் முதல் வருஷத்தில் 2.05 கோடி டாலர் வரை தன் வீரர்களுக்கு நேரடியாகப் பகிரலாம்.

மனசு ஒப்பாதது ஒன்று உண்டு. பாக்கியில் பெரும்பங்கு அமெரிக்கன் ஃபுட்பாலுக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும்தான். சில வீராங்கனைகள் உடனே அப்பீல் போனார்கள். போகத்தான் வேண்டும்.

உன் மகள் டென்னிஸ் ஸ்காலர்ஷிப்பில் வரப்போகிறாள் என்று எழுதியிருந்தாயே, ரொம்ப சந்தோஷம். ஆனால் மாணவர் விசாவில் இருப்பவர்கள் இங்கே சம்பாதிக்கக் கடும் கட்டுப்பாடு உண்டு, இந்தப் புதிய சட்டங்கள் அதைத் தொடவில்லை. ஏதாவது ராக்கெட் கம்பெனி விளம்பரத்துக்குக் கூப்பிட்டால், கையெழுத்துப் போடுமுன் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்கச் சொல். விசாவுக்கே வினையாகிவிடக் கூடாது. டிக்கெட் போட்டதும் எழுது, விமான நிலையத்துக்கு நானே போகிறேன்.

அன்புடன்,
ரகு