டேப்பை நகர்த்துவதற்கு முன்

ஹட்டன்

அன்பு மகனுக்கு,

நீ அனுப்பிய உன் சின்ன விமானத்தின் படம் கிடைத்தது. பேட்டரியை வாலுக்குள்ளும், பெட்ரோல் டேப்பை, அதாவது எந்த டாங்கியிலிருந்து எடுப்பது என்று மாற்றும் திருகை, இருக்கைக்குப் பின்னாலும் மாற்றப் போவதாகக் குறித்திருக்கிறாய். இரண்டையும் எல்.ஏ.ஏ. (பிரிட்டனின் சிறு விமானச் சங்கம்) இன்ஸ்பெக்டரிடம் எழுதிக் கொடு. அங்கீகாரம் வந்த பிறகு ஸ்பானரை எடு. வராமல் பறந்தால் விமானத்தின் பறக்கும் பெர்மிட் செல்லாது. அதைவிட உன் உயிர்தான் எனக்குப் பயம்.

பேட்டரி 6 கிலோ. 2.5 மீட்டர் பின்னுக்குப் போனால், 6ஐ 2.5ஆல் பெருக்கி 15. அதை விமானத்தின் மொத்த எடை 450 கிலோவால் வகுத்துப் பார், ஈர்ப்பு மையம் 3.3 சென்ரிமீட்டர் பின்னுக்கு நகர்கிறது. கொழுந்துக் கூடை நிறைந்ததும் உன் அம்மா முன்னுக்குக் குனிந்துதான் நடப்பாள். அதுபோல வால் கனத்த விமானத்துக்கு, ஓட்டும் ஸ்டிக்கை முன்னுக்குத் தள்ளிப் பிடிக்க வேண்டும். கொஞ்சம் இழுத்தாலே மூக்கு எகிறும். ஸ்டால் ஆனால், அதாவது இறக்கை தூக்கும் சக்தியை இழந்தால், முழுக்கத் தள்ளியும் மூக்கு இறங்காமல் போகலாம். ஸ்டார்ட்டர் கேபிள் நீண்டால் வோல்டேஜ் விழும். தடித்த கேபிள் போட்டால் அந்த எடையும் பின்னுக்குத்தான் சேரும். பேட்டரித் தட்டு எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடிப்பு) கம்பியில் உரசுகிறதா என்று ஸ்டிக்கை இரு எல்லைக்கும் ஆட்டி, டார்ச் அடித்துப் பார். பிறகு மூன்று சக்கரத்துக்கும் தராசு வைத்து மறுபடி நிறு. காலி டாங்கிக்கும் நிறைந்த டாங்கிக்கும் தனித்தனியாகக் கணக்குப் போடு.

டேப்தான் எனக்கு அதிகக் கவலை. பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12ஆம் தேதி கலிபோர்னியாக் கடலில் விழுந்து இறந்தது ஒரு லாங்-ஈஸியில், பிளானைப் பார்த்து ஆட்கள் தாங்களே கட்டும் சின்ன விமானத்தில். பிளானில் டேப் விமானியின் கால்களுக்கு நடுவில் இருந்தது. அந்த விமானத்தைக் கட்டியவர் அதை இடது தோளுக்குப் பின்னால் வைத்துவிட்டார். எந்தப் பக்கம் எந்த டாங்கி என்ற குறியும் இல்லை. உடம்பைத் திருப்பி அதை எட்டப் போனபோது கால் தன்னையறியாமல் வலது ரடர் மிதியை (மூக்கைப் பக்கவாட்டில் திருப்புவது) அழுத்தியிருக்கிறது என்றுதான் அமெரிக்க விசாரணையில் முடிவானது.

நீயும் சோதித்துப் பார். பெல்ட்டை இறுக்கி உட்கார்ந்து, கண்ணை மூடி டேப்பைத் திருப்பு. உன் கால் அசைகிறதா, ஸ்டிக் நகர்கிறதா என்று இன்னொருவர் பார்க்கட்டும். அசைந்தால் அந்த இடமே வேண்டாம்.

பெட்ரோல் குழாயின் பாதை மாறினால் ஓட்டத்தையும் அளக்க வேண்டும். டாங்கியில் கொஞ்சம் பெட்ரோலை மட்டும் விட்டு, மூக்கை ஏறும் கோணத்துக்குத் தூக்கி, கார்பரேட்டர் முனையில் குழாயைக் கழற்றி, பம்ப்பைப் போட்டு வாளியில் பிடி. உன் ரோட்டாக்ஸ் 912 யுஎல்எஸ் என்ஜின் டேக்-ஆஃபில் மணிக்கு 27 லீட்டர் குடிக்கும். பம்ப் உள்ள அமைப்பு அதற்கு மேல் கால் பங்கு கூடுதலாகத் தர வேண்டும், அதாவது நிமிடத்துக்கு அரை லீட்டருக்கும் மேலே. பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும்.

எடை போட்ட தாளையும் இன்ஸ்பெக்டரின் பதிலையும் வாட்ஸ்அப்பில் போடு மகன். நான் கணக்கைச் சரிபார்க்கிறேன்.

அப்பா