அந்த 90 சதவீதம் எத்தனை பேர்ல?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல கோடிங் பூட்கேம்ப் பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். வேற வேலை பாத்துட்டு இருந்தவங்க மூணு மாசம் படிச்சு சாப்ட்வேர் வேலைக்கு போனத எழுதியிருந்தீங்க, நானும் அப்படி போனவதான், அதனால சந்தோஷமாவே படிச்சிட்டு வந்தேன். நடுவுல "படிச்சவங்கள்ல 90 சதவீதம் பேருக்கு வேலை கெடச்சிருக்கு"ன்னு ஒரு வரி வந்துச்சு பாருங்க, அதுக்கு மேல படிக்க முடியல. அந்த ஒரு வரிய நம்பி யாராவது கையில இருக்குற வேலைய விட்டுருவாங்களோன்னு பயமா இருக்கு, அதான் எழுதுறேன்.

நான் 11 வருஷம் அக்கவுண்ட்ஸ்ல இருந்தவ. மாசக் கடைசியில ரெண்டு பக்கமும் டேலி ஆகாம வீட்டுக்கு கெளம்ப முடியாது, அந்த மாதிரி வேலை. எக்செல்ல மேக்ரோ, அதாவது திரும்பத் திரும்ப செய்யற வேலைய தானா செய்ய வெக்கற சின்ன ப்ரோக்ராம், எழுத பழகினேன், மூணு நாள் இழுக்குற ஒரு ரிப்போர்ட் ஒரு நாள் பத்து நிமிஷத்துல முடிஞ்சுது, அன்னைக்கு வந்த ஆசை தான் இது. 35 வயசுல ரிசைன் பண்ணிட்டு 14 வாரம் முழுநேர கோர்ஸ்ல சேர்ந்தேன், சேமிப்புல பாதி ஃபீஸுக்கே போயிடுச்சு.

முதல்ல நல்லத சொல்லிடறேன், ஏன்னா பூட்கேம்ப்னாலே ஏமாத்து வேலைன்னு சொல்றவங்களோட நான் சேர விரும்பல. மூணாவது வாரம்னு நெனைக்கிறேன், சர்வர்ல இருந்து டேட்டா எடுத்து ஸ்கிரீன்ல ஒரு டேபிளா காட்டணும், அவ்ளோதான் பயிற்சி. எனக்கு டேபிள் காலியாவே வந்துச்சு, ப்ரோக்ராம் என்ன பண்ணுதுன்னு காட்டுற கன்சோல்ல "அன்டிஃபைன்ட்"னு, மதிப்பே இல்லங்கற அர்த்தத்துல, ஒரு வார்த்தை மட்டும். காலையில ஒக்காந்தவ மதியம் வரைக்கும் அதே 20 வரிய பாத்துட்டே இருந்தேன், கண்ணுல தண்ணி வந்துடுச்சு. மென்டர் வந்தாங்க, கீபோர்ட தொடல, "டேட்டாவ போட்டு வெக்கற அந்த வேரியபிளுக்குள்ள என்ன இருக்குன்னு நீங்க நெனைக்கிறீங்க, நெஜமா என்ன இருக்கு, ரெண்டையும் பிரிண்ட் பண்ணி பாருங்க"ன்னு மட்டும் சொல்லிட்டு போயிட்டாங்க. பிரிண்ட் பண்ணா அதுக்குள்ள டேட்டாவே இல்ல, "ப்ராமிஸ்"னு ஒண்ணு இருக்கு. டேட்டா இன்னும் வந்து சேரல, அது வரும்னு சொல்ற டோக்கன் மட்டும் தான் என் கையில இருந்திருக்கு, நான் அந்த டோக்கன்ல போய் டேட்டாவ தேடிட்டு இருந்திருக்கேன். சர்வர் ஜேசன்ங்கற வடிவத்துல அனுப்பினத பிரிச்சு எடுக்குற எடத்துக்கு முன்னாடி "அவெய்ட்", அதாவது காத்திருன்னு ஒரே ஒரு வார்த்தை போடணும், அது விட்டுப்போச்சு. அன்னைக்கு கத்துக்கிட்டது அந்த வார்த்தைய இல்ல, நாம நெனைக்கறதும் மெஷின்ல இருக்கறதும் எங்க பிரியுதுன்னு தேடிப் பாக்குற பழக்கத்த. வீடியோ பாத்து தனியா படிச்சிருந்தா அந்த எடத்துலயே விட்டிருப்பேன். பக்கத்துல ஆள் இருக்கறதும், நாளைக்கு காலையில இத முடிச்சு காட்டணும்ங்கற கட்டாயமும் இருக்கே, பூட்கேம்புக்கு குடுக்குற காசு அதுக்குத்தான், பாடம் எல்லாம் வெளிய இலவசமாவே கெடைக்குது.

இப்ப அந்த சதவீதத்துக்கு வரேன். எங்க பேட்ச்ல சேர்ந்தது 24 பேர். கடைசி வரைக்கும் வந்தது 15 பேர். கோர்ஸ் முடிஞ்சு கொஞ்ச நாள்ல அதே நிறுவனத்தோட விளம்பரத்துல எங்க பேட்ச போட்டு 82 சதவீதம் பேருக்கு வேலைன்னு இருந்துச்சு. அக்கவுண்ட்ஸ் பழக்கம், ஒரு நம்பர் வந்தா எப்படி வந்துச்சுன்னு பாக்காம விட முடியாது. எல்லாரும் ஒரே குரூப்ல தான் இருந்தோம், ஒவ்வொருத்தரையா கேட்டு கணக்கு போட்டேன். பாதியில நின்ன 9 பேர் கணக்குலயே இல்ல. முடிச்ச 15 பேர்ல 4 பேர் வாரா வாரம் இத்தனை கம்பெனிக்கு அப்ளை பண்ணணும்ங்கற கண்டிஷன முடிக்கலன்னு அவங்களையும் எடுத்துட்டாங்க. மிச்சம் 11. அதுல 9 பேருக்கு வேலை, 82 சதவீதம், டேலி ஆயிடுச்சு. அந்த 9லயும் 2 பேர் அதே பூட்கேம்ப்ல அடுத்த பேட்சுக்கு உதவியாளரா தற்காலிகமா எடுக்கப்பட்டவங்க. வெளிய டெவலப்பர் வேலைக்கு போனது 7 பேர், சேர்ந்தது 24 பேர். அது 29 சதவீதம் சார்.

கூட்டல் தப்பில்ல, வகுக்கற நம்பர் தான் சுருங்கிப்போச்சு. அந்த நின்னுபோன 9 பேர்ல ஒரு டீச்சர் இருந்தாங்க, லாஜிக்ல எங்க எல்லாரையும் விட வேகம், ஆறாவது வாரம் வீட்டு செலவுக்கு வழி இல்லாம பழைய ஸ்கூலுக்கே திரும்பிட்டாங்க, ஃபீஸ் கடன மட்டும் இன்னும் கட்டிட்டு இருக்காங்க. அந்த 82ல அவங்க எங்கயுமே இல்ல.

எங்க ஒரு எடத்துல மட்டும் நடந்ததுன்னு நெனைக்க வேணாம். இந்த மாதிரி பூட்கேம்ப் பிரபலமானது 2012ல சான் ஃபிரான்சிஸ்கோல தேவ் பூட்கேம்ப் ஆரம்பிச்சதுக்கு அப்புறம், அதுவே 2017ல மூடிட்டாங்க, தி அயர்ன் யார்டுங்கற இன்னொரு பூட்கேம்பும் அதே வருஷம் மூடுச்சு. ஒரு காலத்துல பெரிய பேர் வாங்குன லாம்ப்டா ஸ்கூல், பின்னாடி ப்ளூம்டெக்னு பேர் மாத்திக்கிட்டாங்க, முதல்ல படிங்க, வேலை கெடச்ச பிறகு சம்பளத்துல பங்கு குடுங்கன்னு சொன்னவங்க. 2024 ஏப்ரல்ல அமெரிக்காவோட நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு அவங்க மேல நடவடிக்கை எடுத்துச்சு. விளம்பரத்துல 71ல இருந்து 86 சதவீதம் பேருக்கு வேலைன்னு போட்டிருக்காங்க, முதலீட்டாளர்களுக்கு குடுத்த கணக்குல அது 50 சதவீதத்த ஒட்டித்தான், ஒரு கட்டத்துல 30 வரைக்கும் எறங்கியிருக்குன்னு அந்த அமைப்பு சொல்லுச்சு. அந்த சம்பளப் பங்கு ஒப்பந்தமும் கடன் தான், கடன் இல்லன்னு சொல்லி வித்தது தப்புன்னும் சொன்னாங்க. ஒரே நிறுவனம், ஒரே மாணவர்கள், பணம் போடுறவங்களுக்கு ஒரு நம்பர், படிக்க வரவங்களுக்கு வேற நம்பர். இத படிச்சப்போ எனக்கு அந்த டீச்சர் முகம் தான் ஞாபகம் வந்துச்சு.

இன்னொண்ணு, 14 வாரம்ங்கறது கோர்ஸுக்கு மட்டும். எனக்கு வேலை கெடைக்க அதுக்கு மேல 9 மாசம் ஆச்சு. 2022 கடைசியில இருந்து பெரிய டெக் கம்பெனிங்களே ஆயிரக்கணக்குல ஆளுங்கள வேலைய விட்டு அனுப்பிட்டாங்க, அனுபவம் உள்ளவங்களும் ஃப்ரெஷரும் ஒரே வரிசையில நிக்கிறோம். அதே வருஷம் நவம்பர்ல சாட்ஜிபிடி வந்துச்சு, முன்னாடி புதுசா சேர்றவங்களுக்கு குடுக்குற சின்ன சின்ன வேலைய இப்ப கூட இருக்குற ஏஐ டூல்லயே முடிச்சுக்கறாங்க. பூட்கேம்ப்ல செஞ்ச ப்ராஜெக்ட் எல்லாருக்கும் ஒண்ணு தான், எல்லா ரெஸ்யூம்லயும் அதே ஷாப்பிங் கார்ட். இன்டர்வியூல டேட்டா ஸ்ட்ரக்சர், அதாவது டேட்டாவ அடுக்கி வெக்கற முறைகள பத்தி கேட்டாங்க, எங்களுக்கு அத ரெண்டே நாள்ல ஓட்டிட்டாங்க, திரும்ப நானா ஒக்காந்து முதல்ல இருந்து படிச்சேன்.

கடைசியில எனக்கு வேலை வாங்கிக் குடுத்தது என் பழைய வேலை தான், இத ரொம்ப முக்கியமா நெனைக்கிறேன். பில்லிங் சாப்ட்வேர் பண்ற ஒரு சின்ன கம்பெனி. தொகைய டேட்டாபேஸ்ல எப்படி வெப்பீங்கன்னு கேட்டாங்க. ஃப்ளோட்னு சொல்ற புள்ளி வெச்ச எண்ணா அப்படியே வெக்க மாட்டேன், ஜாவாஸ்கிரிப்ட்ல 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டுனா 0.30000000000000004னு வரும், மெஷின் அத 0, 1 மட்டும் இருக்கற ரெண்டின் அடிமான கணக்குல வெக்கறதால 0.1ங்கறதே அதுக்குள்ள துல்லியமா ஒக்காராது, ஆயிரம் பில் சேரும்போது அது எங்கயோ ஒரு எடத்துல டேலி ஆகாம நிக்கும், அதனால காசோட ஆக சின்ன அலகுக்கு மாத்தி முழு எண்ணா வெப்பேன்னு சொன்னேன். டேலி ஆகாம ராத்திரி 11 மணி வரைக்கும் ஒக்காந்த அனுபவத்துல வந்த பதில் அது. கேள்வி கேட்டவரு நிமிர்ந்து பாத்தாரு. அதுக்கப்புறம் இன்டர்வியூ பேச்சு மாதிரி ஆயிடுச்சு. எங்க பேட்ச்ல நர்ஸா இருந்தவங்களும் இப்ப ஆஸ்பத்திரி சாப்ட்வேர் டீம்ல தான் இருக்காங்க. பழச தூக்கிப் போட்டுட்டு புது ஆளா போகணும்னு உங்க கட்டுரையில இருந்துச்சு, எனக்கு அது சரின்னு படல.

சேரணும்னு நெனைக்கிறவங்க வேலைய விடாமலே ஒரு ரெண்டு மாசம் சாயங்காலத்துல இலவசமா கெடைக்கறத படிச்சு பாருங்க, ஃப்ரீகோட்கேம்ப்னு ஒரு வெப்சைட் 2014ல இருந்து இருக்கு, ஒரு பைசா வாங்கறதில்ல. அந்த ரெண்டு மாசத்துல எர்ரர் வந்து நிக்கும்போது எரிச்சல் வருதா, விடாம தோண்டத் தோணுதான்னு உங்களுக்கே தெரிஞ்சிடும். கோர்ஸ் காலத்துக்கு மட்டும் இல்லாம அதுக்கு மேல ஒரு வருஷ வீட்டு செலவுக்கும் வழி வெச்சுக்கங்க, டீச்சர் நின்னது அங்க தான். பூட்கேம்ப்காரங்க காட்டுற ஆளுங்க கிட்ட மட்டும் பேசாம, பாதியில நின்னவங்க ரெண்டு பேரையாவது தேடிப் பிடிச்சு பேசுங்க, கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி பாதியில விட்டா ஃபீஸ் என்ன ஆகும்ங்கற பக்கத்த ரெண்டு தடவ படிங்க.

உங்ககிட்ட ஒரே ஒரு வேண்டுகோள். அந்த 90 சதவீதத்த உங்களுக்கு குடுத்தவங்க கிட்ட சேர்ந்தது எத்தனை பேர், முடிச்சது எத்தனை பேர், வெளிய டெவலப்பரா வேலைக்கு போனது எத்தனை பேர், எத்தனை மாசத்துலன்னு கேட்டு, அந்த நாலு நம்பரையும் அடுத்த இதழ்ல போடுங்க. குடுக்க மாட்டேன்னு சொன்னாங்கன்னா அதையும் போடுங்க.

இப்படிக்கு,
அக்கவுண்ட்ஸ்ல இருந்து கோடிங்குக்கு வந்த ஒரு வாசகி