செயலாளர் ஆண்டறிக்கை: எந்தக் குட்டி விமானத்தைச் செய்வது?

பொதுக்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்கள், கரண்ட் போன நாட்கள் நீங்கலாக, ஒழுங்காக நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சிமுலேட்டரின் ரடர் பெடல் (விமானத்தின் மூக்கை இடம் வலம் திருப்பும் மிதி) இன்னும் பழுதாகத்தான் கிடக்கிறது.

ஆண்டின் பெரும்பகுதியை விழுங்கியது ஒரே கேள்விதான்: கணினியில் விமானம் ஓட்டிப் பார்க்கும் ஃபிளைட்கியர் சிமுலேட்டருக்கு நாம் சொந்தமாகச் செய்யப்போகும் சிறு விமானம் எது? செஸ்னா 172 வேண்டாம் என்பதில் மட்டும் எல்லோரும் ஒரே குரல். அது சிமுலேட்டரோடு கூடவே வருகிறது. பலர் வருடக்கணக்கில் இழைத்த மாடல். சரி, நம் நாட்டில் உருவான விமானமாக இருக்கட்டும் என்று முடிவானது. சண்டை அப்புறம்தான் தொடங்கியது.

மூத்தவர்களுக்கு எச்.ஏ.எல். (இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) தயாரித்த எச்.டி-2 மேல் ஆசை. வி.எம். காட்கே வடிவமைத்து 1951இல் முதலில் பறந்த பயிற்சி விமானம். பெங்களூரு எச்.ஏ.எல். அருங்காட்சியகத்தில் நிற்பதைப் பார்த்து வெளி உருவத்தைக் கொண்டுவந்துவிடலாம். ஆனால் ஸ்டிக்கை இவ்வளவு இழுத்தால் மூக்கு எவ்வளவு தூக்கும் என்பதைப் புகைப்படம் சொல்லாதே.

அடுத்தது அதே எச்.ஏ.எல். செய்த புஷ்பக். 1958இல் பறந்தது, 90 குதிரைத்திறன் கான்டினென்டல் இன்ஜின், இரண்டே இருக்கை. ஃபிளையிங் கிளப்புகளில் எத்தனையோ பேர் இதில்தான் கற்றார்கள். அமெரிக்காவின் ஏரோங்கா சீஃப் வழி வந்தது என்பதால் ஒப்பிட்டுப் பார்க்க ஏதோ இருக்கிறது. சிக்கல் தரையில்தான். வால் சக்கர விமானத்தில் எடை மையம் பிரதான சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கும். ஓடுபாதையில் கொஞ்சம் திரும்பினாலும் வால் முந்தப் பார்க்கும். அந்தக் குணத்தை அளவாகக் கொண்டுவருவது லேசான வேலை இல்லை.

கடைசியில் ஜெயித்தது ஹன்சா-3. பெங்களூரு என்.ஏ.எல். (தேசிய விண்வெளி ஆய்வகம்) உருவாக்கிய கலப்புப் பொருள் விமானம். 2000இல் சான்று பெற்றது. அழகில் அது ஒன்றும் ரதி இல்லை. ஆனால் ஐ.ஐ.டி. கான்பூர் ஒரு ஹன்சாவைப் பறக்கவிட்டே ஆய்வு நடத்தியிருக்கிறது. பறக்கும்போது பதிவான அளவுகளிலிருந்து அதன் ஏரோடைனமிக் கெழுக்களை, அதாவது காற்று விமானத்தை எவ்வளவு தூக்கும், திருப்பும் என்று சொல்லும் எண்களை, கணித்துக் கட்டுரைகளாக வெளியிட்டிருக்கிறார்கள். ஃபிளைட்கியரில் பறத்தலைக் கணக்கிடும் ஜே.எஸ்.பி.சிம் நிரல் நம்மிடம் கேட்பதும் அதே கெழுக்களைத்தான். இதைவிட வேறென்ன வேண்டும்?

மாடல் செய்வோர் கவனிக்க: இதன் ரோட்டாக்ஸ் 914 இன்ஜின் டேக்-ஆஃபில் நிமிடத்துக்கு 5800 சுற்று ஓடும். நடுவே 2.43 விகித கியர் இருப்பதால் புரொப்பெல்லர் சுற்றுவதோ ஏறத்தாழ 2390தான். மாடல் கோப்பில் அந்த விகிதத்தை எழுதாமல் விட்டால் புரொப்பெல்லர் நுனி ஒலியின் வேகத்தைத் தாண்டிவிடும். உந்துவிசைக் கணக்கு மொத்தமும் கோணல்.

வேறு சிமுலேட்டரின் விலைக்கு விற்கும் மாடலிலிருந்து பாகங்களை எடுத்து ஒட்டலாம் என்ற யோசனையைச் செயற்குழு நிராகரித்தது. ஃபிளைட்கியர் ஜி.பி.எல். என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் வருவது, அடுத்தவர் சொத்தை அதற்குள் நுழைக்க முடியாது.

காக்பிட் வேலைக்கு இரண்டு பேர் தேவை, பிளெண்டர் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருள் தெரிந்திருந்தால் போதும். புஷ்பக்கைக் கைவிடவில்லை, அதன் பைலட் கையேடு யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் ஸ்கேன் செய்ய ஒருநாள் கொடுத்து உதவுங்கள். அறிக்கையை ஏற்று, அடுத்து புதிய நிர்வாகிகள் தேர்தலை நடத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்