இம்போர்ட் ஆச்சான்னு இல்ல, ஃப்ளோ ஆன்ல இருக்கான்னு கேளுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

பவர் ஆட்டோமேட் (ஆபீஸ் வேலைகளை தானா ஓட வைக்கற மைக்ரோசாஃப்ட் டூல்) மாதிரி டூல் கத்துக்கிட்டா கோடிங் தெரியாதவங்களுக்கும் வேலை இருக்குன்னு உங்க வேலைவாய்ப்பு பக்கத்துல போட்டிருந்தீங்க, நல்ல விஷயம், ஆனா அதுல விட்டுப்போன ஒண்ணை சொல்லணும்னுதான் எழுதறேன். ஃப்ளோ, அதாவது தானா ஓடற வேலை வரிசை, எப்படி செய்யறதுன்னு எல்லா இன்ஸ்டிடியூட்லயும் சொல்லித் தராங்க, ஆனா செஞ்ச ஃப்ளோவை உருவாக்கற டெவலப்மென்ட்ல இருந்து சோதிக்கற டெஸ்ட்டுக்கும் அங்கேர்ந்து நிஜ வேலை நடக்கற புரொடக்‌ஷனுக்கும் கொண்டு போன பிறகு அது ஆன்ல இருக்கான்னு யார் பாக்கணும்னு சொல்லித் தரதில்ல.

எனக்குத் தெரிஞ்ச ஒரு கம்பெனியில சப்ளையர் பில் வந்தா உடனே மேனேஜர் அப்ரூவலுக்குப் போற ஃப்ளோ ஒண்ணு இருந்துச்சு. ராத்திரி புது வெர்ஷன் போட்டாங்க, இம்போர்ட் (புது இடத்துல ஏத்தறது) சக்சஸ்னு வந்துச்சு, வேலை முடிஞ்சுதுன்னு கிளம்பிட்டாங்க. ஃப்ளோ ஆஃப்ல கிடந்தது சப்ளையருங்க பேமென்ட் எங்கன்னு போன் பண்ண ஆரம்பிச்சப்போதான் தெரிஞ்சுது, அதுல சின்னதா லேத் பட்டறை வச்சிருக்கறவங்களும் உண்டு, அந்தப் பணம் வந்தாதான் அவங்க ஆளுங்களுக்கு சம்பளம்.

ஃப்ளோ ஓடி ஃபெயில் ஆனா ரன் ஹிஸ்டரியில 28 நாள் தெரியும், ஓனருக்கு மெயில் போகும். ஆஃப்ல இருக்கறது ஓடவே ஓடாதே, அப்புறம் எங்க ஃபெயில் ஆகறது, எங்க மெயில் வரது? இதுதான் எனக்கு பயமா இருக்கற இடம்.

ஆஃப் ஆகறதுக்கு பெரும்பாலும் காரணம் கனெக்‌ஷன்தான். கனெக்‌ஷன்னா மெயில் மாதிரி ஒரு சர்வீஸுக்குள்ள ஃப்ளோ நுழையற லாகின். ஃப்ளோவை சொல்யூஷனா, அதாவது ஒரே மூட்டையா, பேக் பண்ணி அனுப்பும்போது கனெக்‌ஷன் கூட வராது, கனெக்‌ஷன் ரெஃபரன்ஸ், அதாவது இங்க ஒரு கனெக்‌ஷன் வேணும்ங்கற குறிப்புதான் வரும், போய்ச் சேர்ற என்விரான்மென்ட்ல (டெஸ்ட், புரொடக்‌ஷன் மாதிரி இடம்) அதுக்கு அங்க இருக்கற கனெக்‌ஷனை மாட்டணும், மாட்டலன்னா ஃப்ளோ ஆன் ஆகாது. மாட்டினது ஒருத்தரோட சொந்த லாகின்ல இருந்து, ஃப்ளோவை தானா கொண்டு போற பைப்லைன் வேற அக்கவுன்ட்ல ஓடி, அந்த அக்கவுன்ட்டுக்கு இந்த கனெக்‌ஷன்ல பர்மிஷன் இல்லன்னாலும் அதே கதைதான். சைல்டு ஃப்ளோ ஆஃப்ல இருந்தா அதைக் கூப்பிடற மெயின் ஃப்ளோவும் ஆன் ஆக மறுக்கும்.

டெப்ளாய் (கொண்டு போய் வைக்கறது) முடிஞ்சதும் கையால ஆன் பண்ணிக்கோங்கன்னு செக்லிஸ்ட்ல ஒரு வரி எழுதி வைக்கறதை நான் ஒத்துக்க மாட்டேன். நடுராத்திரி டெப்ளாய் பண்றவருக்கு புரொடக்‌ஷன்ல ஆக்சஸே இருக்காது, ஆக்சஸ் இருக்கறவர் தூங்கிட்டு இருப்பார். கனெக்‌ஷனை சர்வீஸ் அக்கவுன்ட்ல (யாரோட சொந்த லாகினும் இல்லாத பொது அக்கவுன்ட்) போடுங்க, டெப்ளாய் பண்ற அக்கவுன்ட்டோட ஷேர் பண்ணுங்க. ஒவ்வொரு என்விரான்மென்ட்டுக்கும் தனியா ஒரு டெப்ளாய்மென்ட் செட்டிங்ஸ் ஃபைல் வச்சு, எந்த ரெஃபரன்ஸுக்கு எந்த கனெக்‌ஷன்னு அதுலயே எழுதிடுங்க, மைக்ரோசாஃப்ட்டோட pac-ங்கற கமாண்ட் லைன் டூலே அந்த ஃபைலை உருவாக்கித் தரும். அப்புறம் எந்தெந்த ஃப்ளோ ஆன்ல இருக்கணும்னு ஒரு லிஸ்ட், ஏன்னா சிலதை வேணும்னேதான் நிறுத்தி வச்சிருப்போம். இம்போர்ட் முடிஞ்சதும் பைப்லைனே மைக்ரோசாஃப்ட்டோட டேட்டாபேஸான டேட்டாவெர்ஸ்ல இருக்கற வொர்க்ஃப்ளோ டேபிளைப் பார்த்து, லிஸ்ட்ல இருக்கறது ஆஃப்ல இருந்தா சைல்டு ஃப்ளோவை முதல்ல ஆன் பண்ணி அப்புறம் மெயின் ஃப்ளோவை ஆன் பண்ணணும், முடியலன்னா டெப்ளாய்மென்ட் ஃபெயில்னு காட்டணும். சக்சஸ்னு மட்டும் காட்டவே கூடாது.

இதோட விடவும் முடியாது. 14 நாள் விடாம ஃபெயில் ஆகிட்டே இருந்தா ஃப்ளோ தானா ஆஃப் ஆயிடும், பிரீமியம் லைசென்ஸ் இல்லாத ஃப்ளோ 90 நாள் சும்மா இருந்தாலும் ஆஃப் ஆகும். வருஷத்துக்கு ஒரு தடவை ஓடற இன்க்ரிமென்ட் லெட்டர் ஃப்ளோவை நினைச்சுப் பாருங்க, அது தேவைப்படற அன்னிக்குதான் ஆஃப்ல இருக்கறது தெரியவரும். அதனால அதே லிஸ்ட்டை வச்சு தினமும் ஒரு செக் ஓடணும், பெரிய வேலை இல்ல இது.

அந்தப் பக்கத்துல அடுத்த தடவை இதைப் பத்தி எழுதும்போது இன்ஸ்டிடியூட்காரங்க கிட்ட ஒண்ணு கேளுங்க சார், ஸ்டூடண்ட்ஸுக்கு ரெண்டு என்விரான்மென்ட் கொடுத்து, ஒண்ணுல செஞ்சதை இன்னொண்ணுக்கு கொண்டு போய் கை வைக்காம ஓட வச்சுக் காட்டின பிறகு சர்டிஃபிகேட் தர முடியுமான்னு.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சோழிங்கநல்லூர்